விரால் எங்கே போனது? குளத்தை ஏலம் விடும் முன் ஊர் போட வேண்டிய கணக்கு



குத்தாலம் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்ததும் மடைவாயில் பறி வைத்ததைச் சொல்வார்கள். நடவு முடிந்த வயலில் குறவையும் கெண்டையும் துள்ளியதைச் சொல்வார்கள். கோடையில் குட்டை வற்றும்போது இடுப்பளவு சேற்றில் இறங்கி ஊத்தா போட்டு விரால் பிடித்ததைச் சொல்வார்கள். அதே ஆளிடம், "போன வருஷம் உங்கள் வயலில் எத்தனை விரால் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும்.

விரால் கடையில் கிடைக்கிறது. தொட்டியில் உயிரோடு நீந்துகிறது. கட்லா, ரோகுவைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்த்தது, லாரியில் வந்தது. நம் ஊர்க் குளத்தில் தானாகப் பிறந்து, நம் வயலில் மேய்ந்து வளர்ந்த விரால் குறைந்துவிட்டது. இது ஏன், இதில் நம் பங்கு என்ன, இனி என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விரால் எப்படிப் பிழைக்கிறது?

காரணத்தைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த மீனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரால் வெறும் தண்ணீரில் உள்ள காற்றை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துப் போகும். அதனால்தான் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் கலங்கல் குட்டையிலும் அது தாக்குப் பிடிக்கிறது. தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவையும் இதே ரகம்தான்.

மழையும் புதுத் தண்ணீரும் வந்ததும், குளத்தை விட்டு வாய்க்கால் வழியாக வயலை நோக்கி ஏறும். ஆழம் குறைந்த, கோரையும் புல்லும் உள்ள ஓரமாகப் பார்த்து, செடிகளை விலக்கி ஒரு கூடுபோல இடம் செய்து முட்டையிடும். ஒரு நாள், ஒன்றரை நாளில் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் மேலே மிதந்து போவதையும், அடியில் தாயும் தகப்பனும் காவல் காப்பதையும் பலரும் பார்த்திருப்பீர்கள். குஞ்சுகள் தனியாகப் பிரிந்து போகும் வரை, ஏறக்குறைய ஒரு மாதம், இந்தக் காவல் தொடரும்.

ஆக, விராலுக்கு மூன்று வேண்டும். கோடையில் ஒளிய ஆழமான ஓர் இடம். மழையில் ஏறிப்போக ஒரு வழி. முட்டையிட ஆழமில்லாத, செடியுள்ள ஓர் ஓரம். இந்த மூன்றும் ஒரே ஊருக்குள் இருக்க வேண்டும். டெல்டாவில் குளம், வாய்க்கால், வயல் என்று மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருந்த காலத்தில், யாரும் குஞ்சு வாங்கி விடாமலேயே மீன் விளைந்தது. இப்போது இந்த மூன்றுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிட்டது.

தண்ணீர் வரும் கணக்கு மாறியது

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். கடந்த சில ஆண்டுகளைப் பாருங்கள். 2020, 2021-இல் ஜூன் 12-இல் திறந்தார்கள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும், நீர்மட்டம் சரிந்ததால் அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025-இல் மறுபடி ஜூன் 12. நெல்லுக்கு இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குறுவை போனாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பிச் சம்பாவைப் பிடிக்கலாம். மீனுக்கு அந்த மாற்று வழி கிடையாது. குளம் பொட்டலாகக் காய்ந்த ஒரு கோடை போதும், தாய் மீன் அடியோடு போய்விடும்.

முன்பும் வறட்சி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அப்போது ஒரு குளம் காய்ந்தால் அடுத்த வெள்ளத்தில் வேறு குளத்து மீன், ஆற்று மீன் வாய்க்கால் வழியாக ஏறி வந்து குடியேறியது. இன்று பல குளங்களுக்கு வரத்து வாய்க்கால் தூர்ந்துவிட்டது, அல்லது வீட்டுமனைக்குள் போய்விட்டது. சில இடங்களில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை கட்டியபோது, குளத்துக்குப் போகும் குழாயை உயரத்தில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் குழாயிலிருந்து விழுகிறது, மீனால் ஏற முடியவில்லை. நிலத்தடி நீரால் நிரப்பும் குளத்துக்கும் இதே கதிதான். தண்ணீர் இருக்கிறது, வழி இல்லை.

"களைமீன்" என்று பெயர் வைத்தோம்

அடுத்த காரணத்தைச் சொல்லும்போது, நம்மைப் போன்ற ஆலோசனைப் பக்கங்களும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மீன் வளர்ப்புப் பற்றிய எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: குஞ்சு விடும் முன் குளத்தில் உள்ள களைமீன்களையும் பகைமீன்களையும் அழிக்க வேண்டும். பகைமீன் பட்டியலில் முதலில் நிற்பது விரால், குறவை, கெளுத்தி, வாளை. களைமீன் பட்டியலில் நிற்பவை சிறு கெண்டையும் அவற்றைப் போன்ற பொடி மீன்களும். தண்ணீரை முழுக்க இறைக்க முடியாவிட்டால், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்துக்கு ஏறக்குறைய 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடச் சொல்வார்கள். அதில் உள்ள நஞ்சு மீன்களைக் கொன்றுவிடும். பிறகு புண்ணாக்கே உரமாகிவிடும்.

தனியார் பட்டா நிலத்தில் வெட்டிய வளர்ப்புக் குளத்துக்கு இந்த ஆலோசனையில் தவறில்லை. விரால் இருந்தால் கட்லாக் குஞ்சைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் இதே முறையை ஊர்ப் பொதுக் குளத்துக்கும் கொண்டு வந்தபோது கணக்கு மாறிவிட்டது. ஊராட்சிக் குளமும் கோயில் குளமும் குத்தகைக்குப் போகின்றன. குத்தகை எடுத்தவருக்குக் குறிப்பிட்ட காலம்தான் உரிமை. போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அவர் குளத்தைச் சுத்தமாக இறைக்கிறார், மீதியைப் புண்ணாக்கிலோ பிளீச்சிங் பவுடரிலோ முடிக்கிறார், கட்லா, ரோகு, மிர்கால் விடுகிறார். காலம் முடியும்போது மறுபடி கடைசிச் சேறு வரை இறைத்துப் பிடிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏல நிபந்தனையில் நாட்டு மீனைப் பற்றி ஒரு வரி இல்லாதபோது, அவர் ஏன் அதைக் காப்பாற்ற வேண்டும்?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் காவிரி மீன்களே அல்ல. கங்கை, பிரம்மபுத்திரா படுகையிலிருந்து வந்தவை. நல்ல மீன்கள்தான், விளைச்சலும் தருபவைதான். ஆனால் வந்த மீனுக்கு இடம் தர ஊர் மீனைக் "களை" என்று அழைத்தோம்.

அயல் மீனும் புண் நோயும்

ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. வாய்க்குள்ளேயே குஞ்சைக் காத்து, வருடம் முழுக்கப் பெருகும் மீன் அது. இன்று தமிழகத்தின் எந்தக் குளத்திலும் வலை வீசினால் முதலில் அதுதான் வருகிறது. இரையையும் இடத்தையும் பங்கு போட்டு, நாட்டுக் கெண்டைகளை ஓரம் கட்டிவிட்டது.

அதைவிட ஆபத்தானது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் இதற்கு எதிராக உத்தரவிட்டது. ஆனாலும் கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் போட்டு மறைவாக வளர்ப்பது நிற்கவில்லை. வெள்ளத்தில் ஒரு குளம் உடைந்தாலே போதும், அது வாய்க்காலுக்கு வந்துவிடும். மீன், தவளை, முட்டை என்று எதையும் விடாது. "நாட்டுக் கெளுத்திக் குஞ்சு, சில மாதத்தில் கிலோ தாண்டும்" என்று யாராவது விற்க வந்தால் சந்தேகப்படுங்கள். நம் நாட்டுக் கெளுத்தி அவ்வளவு வேகமாக வளராது.

நோயும் ஒரு காரணம். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோய் சில ஆண்டுகளில் தமிழகத்துக்கும் வந்தது. உடம்பில் சிவந்த ஆழமான புண்ணோடு விராலும் குறவையும் கரையில் ஒதுங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நோயில் அதிகம் அடிபட்டதே விரால் இனம்தான். இன்றும் மழை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தில் அது தலைகாட்டுகிறது. ஏற்கெனவே மீன் குறைந்த குளத்தில் நோய் வந்தால், மீண்டு வர விதை மீனே மிஞ்சாது.

வயலில் அடிக்கும் மருந்து

விரால் குஞ்சு பொரிக்கும் இடம் வயலும் வாய்க்கால் ஓரமும்தான். நாம் சம்பாவுக்கு மருந்து அடிக்கும் மாதங்களும் அது முட்டையிடும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை, மீனுக்கு மிகக் கொடியவை. டப்பாவில் ஒட்டிய தாளிலேயே எழுதியிருக்கும். இவற்றை நெல்லில் அடித்தால் புகையான் மறுபடி பெருகும் என்று வேளாண் துறை பல காலமாகச் சொல்லி வருகிறது. நெல்லுக்கும் நல்லதில்லை, மீனுக்கும் ஆகாது. பிறகு ஏன் அடிக்க வேண்டும்?

இதற்கு மேல், மின்சாரம் பாய்ச்சியும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது இருக்கிறது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்கிறது. சட்டம் வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது, பழக்கம் போகவில்லை. மின்கம்பி போடுபவர் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மீனை எடுத்துக்கொண்டு போகிறார். அடியில் செத்துக் கிடக்கும் குஞ்சுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மனித உயிருக்கும் அது ஆபத்து.

இழப்பு யாருக்கு?

"விரால் போனால் போகட்டும், கட்லா இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் கண்ணிலிருந்து பாருங்கள். நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு மழைக் காலத்தில் வேலை குறைவு. அந்த நாட்களில் தூண்டிலும் பறியும் ஊத்தாவும்தான் குழம்புக்கு வழி செய்தன. பொடிக் கெண்டையையும் அயிரையையும் முள்ளோடு தின்ற பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து காசில்லாமல் கிடைத்தது. குத்தகைக் குளத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. வயலில் மீன் இல்லை. இன்று அதே மீனை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

வயல்காரருக்கும் இழப்பு உண்டு. சிறு மீன்கள் கொசுப் புழுவையும் வயல் பூச்சிகளையும் தின்றன. செலவில்லாத வேலையாட்கள் போனதால், அந்த வேலைக்கும் இப்போது மருந்து வாங்குகிறோம்.

உலக அளவில் அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் செம்பட்டியலில் விரால் "ஆபத்து குறைவு" என்ற வரிசையில்தான் இருக்கிறது. ஆசியா முழுக்கப் பரவியுள்ள மீன் என்பதால் அப்படி. வாளை மட்டும் அதே பட்டியலில் "பாதிக்கப்படக்கூடியது" என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே விராலைக் காப்பாற்றத் தனிச் சட்டமோ தனி வாரியமோ வரும் என்று காத்திருக்க முடியாது. உலகத்தில் இருந்துகொண்டே நம் குளத்தில் இல்லாமல் போகும் மீன் இது. நம் குளத்தில் அதை நாம்தான் காக்க வேண்டும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

கேரளத்தில் முதல் மழையோடு மீன் ஏறுவதை "ஊத்த" என்பார்கள். சினை மீன் ஏறும் அந்த நாட்களில் வழிமறித்துப் பிடிப்பதை அந்த மாநிலம் சட்டப்படி தடை செய்திருக்கிறது. 2010-இல் கரிமீனை மாநில மீனாகவும் அறிவித்தது. பக்கத்தில் தெலங்கானா விராலையே மாநில மீனாக வைத்திருக்கிறது.

நம் காவிரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ராமநாதபுரா என்ற ஊரில், கோயில் படித்துறையை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் மீன் பிடிப்பதில்லை. கை எட்டும் தூரத்தில் பெரிய பெரிய மீன்கள் வந்து நிற்கும். வேலியால் அல்ல, ஊர்க் கட்டுப்பாட்டால் வந்த காவல் அது. துருத்தி என்று பழம்பெயர் கொண்ட, ஆற்றோடு பிறந்த குத்தாலம் போன்ற ஊருக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய சேதி அல்ல.

நமக்கு மிகப் பொருந்துவது கம்போடியாவின் பாடம். அங்கும் நெல்தான், அங்கும் இதே விரால்தான். ஊருக்கு ஒரு குளத்தை "மீன் தஞ்சக் குளம்" என்று ஒதுக்கி, அதில் யாரும் பிடிப்பதில்லை. கோடை முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மழையில் அந்தக் குளத்து மீன் வாய்க்கால் வழியாகச் சுற்று வயல்களுக்குப் பரவுகிறது. வயலில் எல்லாரும் பிடிக்கலாம். 2012 முதல் 2016 வரை உலக மீன் மையம் அங்கே இப்படி 40 குளங்களில் ஊர்க் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: விதை நெல்லை யாரும் தின்பதில்லை. விதை மீனையும் அப்படி ஒதுக்கி வையுங்கள்.

தமிழக மீன்வளத் துறையும் ஆறுகளில் நாட்டின மீன் குஞ்சுகளை விட்டு வருகிறது. நல்ல முயற்சிதான். ஆனால் ஆற்றில் விடும் குஞ்சு, வழியடைத்த நம் குளத்துக்கு வந்து சேராது. குளத்து வேலையை ஊர்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியவை

1. ஊரில் உள்ள குளம் குட்டைகளில் ஒன்றை மட்டும் ஏலத்திலிருந்து ஒதுக்குங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. கோடையில் தண்ணீர் நிற்பதும், வாய்க்காலோடு இணைப்பு இருப்பதும்தான் முக்கியம். வருமானம் குறைவான குட்டையைத் தேர்ந்தெடுத்தால் ஊராட்சிக்கும் பெரிய இழப்பு இராது.

2. ஏலம் விடும் குளங்களுக்கு மூன்று நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள். நஞ்சும் மின்சாரமும் கூடாது. கடைசிச் சேறு வரை இறைக்கக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது.

3. குத்தகைதாரருக்கும் வழி உண்டு. நஞ்சு போடுவதற்குப் பதில் பலமுறை இழுவலை போட்டு விராலையும் கெளுத்தியையும் உயிரோடு பிடித்து விற்கலாம், சிலவற்றை ஒதுக்கிய குளத்தில் விடலாம். பிறகு விரல் அளவுக் குஞ்சு விடாமல், 100 கிராம் தாண்டிய வளர்ந்த குஞ்சுகளாக விட்டால், மிஞ்சியிருக்கும் விரால் அவற்றை எளிதில் விழுங்க முடியாது.

4. குளம் தூர் வாரும்போது ஒரே மட்டமாக, செங்குத்தாக வெட்டவிடாதீர்கள். நடுவிலோ ஒரு மூலையிலோ கூடுதல் ஆழத்தில் ஒரு மடு இருக்கட்டும். ஒரு பக்கமாவது சரிவான கரையும் கோரையும் அல்லியும் இருக்கட்டும். வெங்காயத்தாமரையை மட்டும் முழுமையாக அகற்றுங்கள். வண்டல் எடுக்க வருபவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

5. வரத்துக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது என்றால், அடியில் கல்லும் மண்ணும் போட்டுச் சரிவு செய்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.

6. வயலில் பூச்சியின் எண்ணிக்கை சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து அடியுங்கள். அடித்த பிறகு குறைந்தது மூன்று, நான்கு நாள் வயல் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடாதீர்கள். தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீர்கள்.

7. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் காவலுக்கு நிற்கும் தாயைத் தூண்டிலில் பிடிப்பது எளிது. ஆனால் தாய் போனால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரைதான்.

8. விரால் வளர்க்க விரும்புகிறவர்கள், குஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். குளத்திலிருந்து அள்ளிய காட்டுக் குஞ்சை வாங்காதீர்கள். பொரிப்பகத்தில் பொரித்த குஞ்சை வாங்குங்கள். ஒன்றையொன்று தின்னும் மீன் என்பதால் அளவு பார்த்துப் பிரித்து வளர்க்க வேண்டும். தாவிப் போகாமல் கரையில் வலை கட்ட வேண்டும். தஞ்சாவூர் சூரக்கோட்டையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்திலும், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் பயிற்சி, மானியம் பற்றிக் கேளுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பது விதி.

9. புண் உள்ள மீனைக் கண்டால் வேறு குளத்தில் விடாதீர்கள், வலையை நன்றாகக் காயவைத்துப் பிறகே அடுத்த குளத்துக்குக் கொண்டு போங்கள். சுண்ணாம்பு இடும் அளவைத் தண்ணீரைப் பரிசோதித்து அலுவலர் சொல்வதுபோல் செய்யுங்கள்.

கிராம சபையில் ஒரு தீர்மானம்

இதில் பாதி வேலை ஒரு தனி விவசாயியால் ஆகாது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கோடைக்கு முன் வருவதால், எந்தக் குளத்தை ஒதுக்குவது, எதில் மடு வெட்டுவது என்று பேச அதுவே சரியான நாள். அக்டோபர் 2 வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருகிறது. மீன் ஏறும் நாட்களில் வாய்க்காலை முழுக்க அடைத்துப் பறி வைப்பதில்லை என்று முடிவு செய்ய அது ஏற்றது. குத்தாலம் போன்ற பேரூராட்சிகளில் உள்ளவர்கள் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வைக்கலாம்.

தீர்மானம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "நம் ஊரில் இந்தக் குட்டையில் மீன் பிடிப்பதில்லை, மற்றக் குளங்களில் நஞ்சு கூடாது" என்று இரண்டு வரி போதும். தீர்மானத்தை எழுதி முடித்ததும், ஊரில் மூத்த மீன்பிடிக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் எந்தக் குட்டையில் இன்னும் விரால் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும். அந்தக் குட்டையிலிருந்து தொடங்குங்கள்.